வரம் கேட்காத மாமியார்

என் மாமியார் தன் பிள்ளைகளுக்குத் தாயே இல்லை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒரு பேச்சு இருந்தது. பெற்றது அவர்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டு மகன்களுக்கும் அவருடைய மூக்கு அப்படியே வாய்த்திருந்தது. ஆனால் ஒரு தாய் செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று இருக்கிறதல்லவா, மகன் செய்ததெல்லாம் சரி, மருமகள் செய்ததெல்லாம் தப்பு என்று சாதிக்கிற வேலை, அதை அவர் ஒரு நாளும் செய்ததில்லை. செய்கிறவர்களைக் கண்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நகர்வார்.

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான் ஹட்டனுக்குக் கிட்டே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. மாமியாரிடம் எப்படி நடக்க வேண்டும் என்று எங்கள் அம்மா பாடம் நடத்தித்தான் அனுப்பியிருந்தார். எதிர்த்துப் பேசாதே, சட்டிக்குள் எட்டிப் பார்க்காதே, அவர்கள் சாப்பிட்டு மிஞ்சியதைச் சாப்பிடு. நானும் நடுங்கிக்கொண்டே வந்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்திருந்தார்கள். அத்தை எல்லோருக்கும் போட்டுக்கொண்டே வந்து, ஈரல் துண்டை என் தட்டில் வைத்தார். என் வீட்டுக்காரர் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

"அம்மா, ஈரல் எனக்குத்தானே போடுவ?"

"ஒனக்குப் பொறந்ததுலேருந்து போட்டாச்சு. அவ இப்பத்தானே வந்திருக்கா. தின்னு புள்ள."

நான் தின்னவில்லை. கடைசியில் அதைத் தின்றது என் கொழுந்தனார். அண்ணன் முறைக்கிறார், மதினி முழிக்கிறாள் என்று பார்த்துவிட்டு, இதுதான் சமயமென்று கையை நீட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் குடும்பத்தின் ஜாதகம் முழுவதும் அந்த ஒரு சாப்பாட்டிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அத்தைக்குப் பங்களாவில் வேலை. துரையின் சின்ன மகளுக்கு ஆயா. வெள்ளைச் சேலையை மடிப்புக் கலையாமல் கட்டி, கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு எதிர்த்திசையில் தனியாக நடந்து போவார். மாமா செத்துப்போய் நெடுங்காலம். மற்ற வீடுகளில் புருஷன் இல்லாத அம்மாக்கள் மகன்களை விழுதைப் போலப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். அத்தை பிடித்துக்கொண்டது ஒரு புத்தகத்தை.

அந்தப் புத்தகம் அவருக்குக் கிடைத்த கதை வேடிக்கையானது. ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் செத்தல் மிளகாய் வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரர் ஒரு தடித்த புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துப் பொட்டலம் கட்டியிருக்கிறார். அத்தை சின்ன வயதில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவர். பங்களாவில் துரைசாணி மகளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதைப் பார்த்துப் பார்த்து, நாமும் ஒன்றை வாசித்தால் என்ன என்று ஓர் ஆசை மனதில் விழுந்திருந்த நேரம் வேறு. மிளகாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் குழம்பில் காரமில்லை என்பார் என் வீட்டுக்காரர். அந்தக் குறையை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அட்டை இல்லை. முன்னால் ஐம்பது அறுபது பக்கம் இல்லை. பின்னால் எத்தனை போனதென்று கடைக்காரருக்கே தெரியாது. பழைய காவியக் கதைகளையெல்லாம் வசனமாக எழுதித் தொகுத்த புத்தகம் அது. எல்லாம் யாருக்கும் தெரிந்த கதைகள்தான்; கூத்தில் பார்த்தவை, கோயிலில் கேட்டவை. தெரிந்த கதையை எழுத்துக்கூட்டிப் படிக்க இவ்வளவு பாடா என்று நான் ஒரு முறை கேட்டேன். அத்தை தீக்குச்சியை வரியின் கீழே வைத்தபடி சொன்னார்:

"கூத்துல என்ன பண்ணுறாங்க? நமக்குக் கேள்வி வர்ற எடத்துல தப்பு மேளத்தை ஓங்கி அடிச்சு அழ வச்சுர்றாங்க. கண்ணத் தொடச்சுட்டுப் பார்த்தா கதை அடுத்த ஊருக்குப் போயிருது. படிக்கிறப்ப அப்படி இல்ல. நான் நிப்பாட்டுனா கதையும் நிக்கும்."

அவர் நிறுத்திய இடங்களெல்லாம் வில்லங்கமான இடங்கள். தகப்பன் சொன்னான் என்று மகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிற கதையை ஞாயிற்றுக்கிழமை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து பெண்களுக்கு வாசிப்பார். கதை நெடுகிலும் எல்லோரும் மகனை மெச்சிக்கொண்டிருப்பார்கள். அத்தை தீக்குச்சியை எடுத்துவிடுவார். "சொன்னதக் கேட்ட புள்ளைய நல்ல புள்ளன்னு சொல்லுறீங்க. சரி. அதச் சொன்ன தகப்பன யாரும் ஒண்ணும் சொல்லலியே?" என்பார். பெண்கள் பேன் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அன்று சாயந்திரம் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராக்கள் நாலைந்தில் அப்பன்மாருக்குத் தேநீர் ஆறித்தான் கிடைக்கும்.

ஆனால் அவர் அதிகம் நிறுத்தியது தாய்மார் வருகிற இடங்களில். ஒவ்வொரு கதையிலும் ஒரு தாய் 'என் பிள்ளைக்கு' என்று வாயைத் திறக்கிற இடம் வந்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைப்பார். புத்தகத்தைப் புரட்டினால் அம்மை வார்த்த பிள்ளையைப் போல இருக்கும்.

"இதுல எந்தக் குடி கெட்டதுன்னு பாரு. பகையாளியால கெட்டது ஒண்ணோ ரெண்டோதான். மிச்சமெல்லாம் பெத்தவ கேட்ட வரத்துல கெட்டது. ராச்சியம் எம் புள்ளைக்கு, ஆனை எம் புள்ளைக்கு, எல்லாம் எம் புள்ளைக்கு. அப்புறம் என்ன, காடும் சுடுகாடும்தான்."

"கடைசிப் பக்கம் இல்லாம எப்படி அத்தை முடிவு தெரியும்?"

"இல்லாததே நல்லது. எல்லாரும் ஒண்ணாச் சேந்து சந்தோசமா இருந்தாங்கன்னு போட்டு மழுப்பியிருப்பான்."

இந்தப் படிப்பின் பலனை அனுபவித்தவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான மூன்றாம் மாதம், தவறணைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து கறியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளினார். என்னை அடிக்கக் கையையும் ஓங்கினார். பக்கத்துக் காம்பரா அக்கா, இனி மாமியாரும் சேர்ந்துகொள்வார் என்று வேடிக்கை பார்க்க வாசலுக்கே வந்துவிட்டார். அத்தை எழுந்து உப்புப் போத்தலைக் கொண்டுவந்து மகனுக்கு முன்னால் வைத்தார்.

"கை சும்மாதானே மேல நிக்குது. கீழ எறக்கி உப்ப அள்ளிப் போட்டுக்க."

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதுதான் வினையாகிப்போனது. அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் தோட்டத்துத் தலைவரிடம் போய்ப் பெற்ற தாயின் மேலேயே பிராது கொடுத்தார். கோயில் முன்னால் கூட்டம் கூடியது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என்னப்பா ஒன் கொறை?" என்றார்.

"எங்க அம்மா எம் பக்கம் பேச மாட்டேங்குதுங்க."

தலைவருக்குச் சிரிப்பை அடக்க வெற்றிலை தேவைப்பட்டது. "என்னம்மா சொல்லுறீங்க?" என்று அத்தையைக் கேட்டார்.

"நியாயம் அவ பக்கம் இருக்குதுங்க. அது இவன் பக்கம் வந்தப்புறம் ஆளனுப்புங்க. வந்து பேசிட்டுப் போறேன்."

தீர்ப்பு என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. வீட்டுக்காரர் அதன்பிறகு என்மேல் கையை ஓங்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. "படிப்பு வந்து எங்கம்மா கெட்டுப்போச்சு" என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நானும் ஒரு பிள்ளையைப் பெற்று மடியில் போட்டுக்கொண்ட பிறகு அத்தையைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருந்தது. என்ன பொம்பளை இது, பெற்ற வயிறு கொஞ்சமும் இளகாதா என்று நினைத்தேன். லயத்தில் சொல்வது சரிதானோ என்றுகூட நினைத்தேன்.

வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் துரையும் புறப்படப் போகிறார் என்று செய்தி வந்தது. பங்களாச் சமையல்காரர் ஒருநாள் மூச்சிரைக்க லயத்துக்கு ஓடிவந்தார்.

"ஆயாகிட்ட தொரை, ஒனக்கு என்ன வேணும்னாலும் கேளுன்னு சொல்லிட்டாரு! மகளப் பெத்த தாயாட்டம் வளத்தியாம். யோசிச்சு வந்து சொல்லுன்னு சொல்லியிருக்காரு!"

லயமே திரண்டுவிட்டது. துரை வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார். ஒரே ஒரு வரம். அத்தை வெள்ளைச் சேலையோடு வந்து, ஒன்றும் நடக்காதது போல அடுப்பை ஊதினார்.

எங்களுக்கு அப்போது உயிர் போகிற தேவைகள் இரண்டு இருந்தன. ஒன்று எனக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நாங்கள் நான்கு பெரியவர்கள், தவழுகிற பிள்ளை ஒன்று, என் வயிற்றில் இன்னொன்று. கொழுந்தனார் இஸ்தோப்பில் சாக்குப் படுதா கட்டிப் படுத்தார். மழைக்காலத்தில் அவரும் உள்ளே வந்துவிடுவார். பிறகு நான் எங்கே திரும்பிப் படுப்பது? புதிதாகக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது. ஆனால் தோட்டத்து வழக்கப்படி மூத்த மகன் தாயோடு ஒண்டிக்கொள்ள வேண்டும். இளையவனுக்குக் கல்யாணம் ஆனால்தான் அவனுக்கென்று தனிக் காம்பரா எழுதுவார்கள்.

இன்னொன்று கொழுந்தனாருக்கு. அவருக்கு ஒரு பெண் பேசியிருந்தது. அவரும் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடெடுத்து அலைந்தார். ஆனால் பெண்வீட்டார், மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனுக்குக் கொடுப்பதாக இல்லை, தேயிலை பெக்டரியில் வேலை என்றால் பேசலாம், தை வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மார்கழி பிறந்துவிட்டது.

பிறகு அண்ணனும் தம்பியும் அத்தைக்குச் செய்த உபசாரம் இருக்கிறதே! ஆயுளில் அம்மாவுக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுக்காத என் வீட்டுக்காரர், ஹட்டனுக்குப் போய் மஸ்கெட் அல்வா வாங்கிவந்தார். மறுநாள் தம்பி கம்பளிச் சால்வையோடு வந்தார். அண்ணன் தண்ணீர் சுமந்தார். தம்பி விறகு பிளந்தார், தேவைக்கு மேலேயே பிளந்தார். அத்தை மஸ்கெட்டைத் தின்றார், சால்வையைப் போர்த்திக்கொண்டார், கால் நீட்டி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார். வாயை மட்டும் திறக்கவில்லை.

அதற்குள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மற்றவர் உட்காருவார். ஒரு சனிக்கிழமை, அத்தை பங்களாவில் இருந்த நேரம், தண்ணீர்க் குடத்தை யார் எடுப்பது என்று ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், "ஒனக்கெதுக்குடா பொண்ணு?" என்று அண்ணன் கேட்க, தம்பி பாய, அடியில் தம்பியின் உதடு கிழிந்து அவர் சட்டையெல்லாம் ரத்தம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தபோது அத்தை வந்து வாசலில் நின்றார். சின்ன மகனின் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள ரத்தமா?" என்றார். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். "ஏ புள்ள, எங்கூட வா."

பங்களாவின் பின்பக்கம் வழியாகப் போனோம். எங்கு பார்த்தாலும் பெட்டிகள். துரையின் மகள் ஓடிவந்து, "ஆயா, நீயும் கப்பல்ல வா" என்று எங்கள் தமிழிலேயே சொல்லி அத்தையின் காலைக் கட்டிக்கொண்டாள். துரை புகையிலைக் குழாயைப் புகைத்தபடி வெளியே வந்தார். தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கரும் கூடவே நின்றார்.

"ஆயா, யோசனை பண்ணினதா? என்ன வேணும்? சொல்லு."

அத்தை கும்பிட்டார். "நான் கேக்க மாட்டேனுங்க தொரை. எம் மருமக கேப்பா."

"அத்தை, என்ன இது?" என்று கிசுகிசுத்தேன்.

"நீ இவனுங்க ரெண்டு பேரையும் பெக்கல. நீயே கேளு" என்று சொல்லிவிட்டு, அத்தை புல்தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மகராசி, மாட்டிவிட்டார் என்னை. இத்தனை நாள் அவர் படிக்கப் படிக்கக் கேட்டுச் சிரித்தவள் நான். அந்த ராணிகளுக்கு அறிவில்லை என்று கேலி பேசியவள் நான். இப்போது என் நாக்கு நுனியில் 'காம்பரா' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. கேட்டால் கிடைத்துவிடும். நாளைக்கே பாயை விரித்துக் கையைக் காலை நீட்டிப் படுக்கலாம். ஆனால் அந்தக் கிழிந்த உதடு பெண்ணும் இல்லாமல் இஸ்தோப்பில் படுத்திருக்கும். அண்ணன் தம்பி உறவு அத்தோடு முடிந்தது.

அப்போதுதான் என் மண்டைக்குள் ஒரு கள்ளப் புத்தி வேலை செய்தது. பெக்டரியில் வேலை வந்தால் பெண் வரும். பெண் வந்தால் தோட்டத்து வழக்கப்படி அவர்களுக்குத் தனிக் காம்பரா வரும். அவர்கள் போய்விட்டால் எங்களுக்கு இடம் தன்னால் வரும். அடடா, ஒரு வரத்தில் மூன்று காரியம். எந்த ராணிக்கும் தோன்றவில்லையே இது!

"எங்க கொழுந்தனாருக்கு பெக்டரியில ஒரு வேலை வேணுங்க" என்றேன்.

துரை குழாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். புருஷனுக்குக் கேட்காமல் புருஷனின் தம்பிக்குக் கேட்கிற பெண்ணை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. பிறகு கிளாக்கரிடம் ஏதோ இங்கிலீஷில் சொன்னார். கிளாக்கர் அங்கேயே ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது அத்தை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதையில், யாரும் இல்லாத இடமாகப் பார்த்துச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் பயந்துபோய், "நான் தப்பாக் கேட்டுட்டேனா அத்தை?" என்றேன்.

இல்லையென்று தலையை ஆட்டினார். "எனக்குச் சின்னவன் மேலதான் புள்ள உசிரு. அவன் பொறந்த நாளுலேருந்து அப்படித்தான். பெரியவன் அழுதா எனக்குக் காது கேக்கும். சின்னவன் அழுதா அடிவயிறு கேக்கும். அந்தப் பொஸ்தகத்தப் படிச்சப்பத்தான் எனக்கே வெளங்குச்சு, நானும் அந்தப் பாவிகள்ல ஒருத்திதான்னு. ஒரு தடவை எம் புள்ளைக்குன்னு வாயத் தொறந்துட்டா, பெரியவன் பங்கையும் புடுங்கிச் சின்னவனுக்குத்தான் குடுப்பேன். அதான் ரெண்டு பேருக்கும் தொறக்குறதில்ல."

அந்த இடத்தில் எனக்கு அத்தையின் மேல் வந்த பிரியம் என் சொந்தத் தாயின் மேலும் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்திருக்கும்போதே ஒரு சந்தேகமும் வந்தது. நான் இதைத்தான் கேட்பேன் என்று தெரிந்தே என்னைக் கூட்டிப்போனாரா? கேட்டேன். "நீ என்னத்தக் கேப்பேன்னு எனக்கென்ன தெரியும்?" என்று மூக்கைச் சிந்தினார். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

"பெரியவன்கிட்ட இதச் சொல்லிராத" என்றார் எழுந்து நடக்கும்போது.

வீட்டில் எனக்குக் கிடைத்த வசவைச் சொல்ல வேண்டியதில்லை. "புருசனுக்குக் கேக்காம அவன் தம்பிக்குக் கேட்டியா?" என்று வீட்டுக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அத்தை வழக்கம்போல என் பக்கம் பேசினார். தையில் கல்யாணம் நடந்தது. தம்பி அண்ணன் காலில் விழுந்தபோது அண்ணன் அழுதுவிட்டார். மாசியில் அவர்களுக்குப் புது லயத்தில் காம்பரா எழுதினார்கள். நல்ல சிமெந்துத் தரை, ஒழுகாத கூரை.

சின்னவர் வந்து அம்மாவைக் கூப்பிட்டார். புது வீடு, வெயில் படுகிற இஸ்தோப்பு, எங்களோடு வந்து இரு என்று கையைப் பிடித்து இழுத்தார். அத்தை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எங்களோடு அதே பழைய காம்பராவில், பிள்ளைகளின் மூத்திர வாடைக்கு நடுவில் கடைசிவரை இருந்தார்.

"ஏன் அத்தை போகல? ஆசையாத்தானே கூப்பிட்டாங்க?" என்று நான் தனியாகக் கேட்டேன்.

"போயிருவேன். போனா சின்னவன் கட்டிட்டு வந்த புள்ளைக்கு நான் மாமியாராயிருவேன்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மட்டும் தலைகால் புரியாத பெருமை. அம்மா செத்துப்போன பிறகும், அவருக்கே தலை நரைத்த பிறகும், யார் வந்தாலும் உட்காரவைத்துச் சொல்லுவார்: "சிமெந்து போட்ட வீட்டுக்குத் தம்பி கூப்பிட்டான், அது போகலியே! எங்கூடத்தான் இருந்துச்சு. வெளியில காட்டிக்காது, ஆனா அதுக்கு என் மேலதான் உசிரு." பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன புள்ள, நான் சொல்லுறது?" என்பார்.

"ஆமாங்க" என்பேன்.